தண்ணி படாம கம்பளம் வெளுத்த கதை: கல்லீரல், கொக்கிப்புழு, கார்ப்பெட் ஷாம்பு

1. கார்ப்பெட் கழுவுறதப் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுறார்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு. எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம் பேத்தாலஜி படிக்கும்போது, கல்லீரல் எப்படி சாகுதுன்னு காட்ட எல்லாப் புத்தகத்துலயும் ஒரு ரசாயனத்தோட பேரு வரும்: கார்பன் டெட்ராகுளோரைடு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுவோம். அது ஒரு காலத்துல கம்பளக் கறை எடுக்க வீட்டுக்கு வீடு வாங்கி வச்சிருந்த திரவம்னும், அதையே புழு மருந்துன்னு மனுஷங்களுக்குக் குடிக்கக் கொடுத்தாங்கன்னும் யாரும் பாடத்துல சொல்றதில்ல. இந்தக் கதை நம்ம பழைய திருவிதாங்கூர் வரைக்கும் வருது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

2. முதல்ல, ஏன் தண்ணி கூடாது? நம்ம கருங்கல் பக்கம் ரெண்டு மழைக்காலம். ஆனி ஆடியில தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு. துவைச்ச ஜீன்ஸ் காயவே ரெண்டு நாள் ஆகுற ஊர்ல, இப்ப வீட்டு ஹால்ல கம்பளம், கோயில் ஆலயங்கள்ல சிவப்புக் கார்ப்பெட், கல்யாண மண்டபத்துல மேடை முழுக்கக் கார்ப்பெட். இதுல பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தினா மேல் பக்கம் காஞ்ச மாதிரி இருக்கும், அடிப்பக்கம் காயாது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். ஈரப்பதம் கூடின இடத்துல தூசிப் பூச்சிகளும் பெருகும். மூக்கடைப்பு, தும்மல், ஆஸ்துமா இருக்கிற பிள்ளைங்களுக்கு இது ரெண்டும் ஆகாது. அடியில சணல் இருந்தா பழுப்புக் கறை மேலே ஏறி வரும். கம்பளியா இருந்தா சாயம் ஒண்ணோட ஒண்ணு கலக்கும்.

3. அதனாலதான் 'குறைஞ்ச ஈரத்துல சுத்தம்'னு ஒரு முறை. நுரை, பொடி, ஸ்பிரேன்னு பல வடிவத்துல வருது. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். நல்ல முறைதான். ஆனா ஒரு கேள்வி இருக்கு. தண்ணியைக் குறைச்சா, தண்ணி செய்ற வேலையை வேற ஏதோ ஒண்ணு செய்யணும் இல்லியா? அந்த 'வேற ஏதோ ஒண்ணு' என்னங்கிறதுதான் ரெண்டாயிரம் வருஷத்துக் கதை.

4. நம்ம ஊர்த் தரை விரிப்புல இருந்து தொடங்குவோம். நமக்குக் கம்பளம் புதுசு, தும்பு பழசு. கதம்பலைக் காயல்ல ஊறப்போட்டு, அடிச்சு, தும்பு எடுத்து, கயிறு திரிச்சு, பாய் முடையிற வேலை இந்தக் கடற்கரை முழுக்க உண்டு. 1859ல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதுக்கப்புறம் திருவிதாங்கூர்த் தும்புப் பாய் கப்பலேறி வெள்ளைக்காரன் வீட்டு வாசல்ல கிடந்துச்சு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தத் திருவிதாங்கூரோட பகுதிதான். இந்தப் பாயைச் சுத்தம் பண்ண நம்ம வீட்டுப் பெண்கள் எந்தத் திரவமும் வாங்கல. வெயில்ல போட்டு, கம்பால நாலு தட்டு. பத்தமடை கோரைப்பாய்க்கும் அதேதான்: ஈரத்துணியால ஒரு துடைப்பு, நிழல்ல ஒரு காய்ச்சல். குறைஞ்ச ஈரச் சுத்தம் நமக்குப் புதுசே இல்ல.

5. தூசிக்கு வெயிலும் தட்டும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்குப் போதாது. அதுக்குக் காரம் வேணும். புறநானூற்றுல ஒரு பாட்டுல துணி வெளுக்கும் பெண் ஒருத்தி களர் நிலத்துல கிணறு தோண்டித் துவைக்கிற காட்சி வருது. களர் மண்ணுல சோடா உப்பு உண்டு. அந்தத் தண்ணி பிசுக்கைப் பிரிக்கும். அது எந்த ரசாயனம்னு தெரியாமலே வேலைக்கு எது ஆகும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. உவர்மண், வெள்ளாவி எல்லாம் இதே கணக்குதான்.

6. ஆனா பருத்திக்குச் சரியான காரம் பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. கம்பளின்னா ஆட்டு மயிர். உங்க தலைமுடி எந்தப் புரதமோ, அதே கெரட்டின். காரம் அதை அரிக்கும். இதுக்கும் நம்மகிட்ட ஒரு பதில் இருந்துச்சு: பூந்திக்கொட்டை. அதுல இருக்கிற சப்போனின் நுரைக்கும், ஆனா காரம் கிடையாது. பட்டும் கம்பளியும் நகையும் அதுல கழுவினாங்க. அந்த மரத்தோட விஞ்ஞானப் பேரு சபிண்டஸ். 'இந்தியச் சோப்பு'ன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. இழையைப் பார்த்துத் திரவத்தைத் தேர்ந்தெடுக்கணும்ங்கிற முதல் பாடத்தை நம்ம பாட்டிமார் படிச்சு முடிச்சிருந்தாங்க.

7. ரோமாபுரியில இதே வேலைக்கு வேற வழி. கம்பளித் துணியை வெளுக்கிறவங்க பழைய சிறுநீரைத் தொட்டியில ஊத்தி, அதுல நின்னு காலால மிதிச்சாங்க. சிறுநீர் பழசாக ஆக அம்மோனியா கூடும், அது பிசுக்கை எடுக்கும். அப்புறம் எண்ணெய் உறிஞ்சுற ஒரு வகைக் களிமண்ணைத் தேய்ச்சு எடுப்பாங்க. வெஸ்பேசியன்ங்கிற பேரரசர் இந்தச் சிறுநீர் வியாபாரத்துக்கே வரி போட்டார். துணி பளிச்சுன்னு வந்துச்சு. தொட்டிக்குள்ள நாள் முழுக்க நின்ன காலுக்கும், அந்த ஆவியை இழுத்த நுரையீரலுக்கும் என்ன ஆச்சுன்னு யாரும் கணக்கு வைக்கல. நின்னவங்கள்ல பலர் அடிமைகள். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

8. இங்கிலாந்துல கம்பளம் நடுத்தர வீடுகளுக்கு வந்தப்ப, ஒரு எளிமையான வழி வச்சிருந்தாங்க. டீ போட்டு முடிச்ச ஈரத் தேயிலையைக் கம்பளம் மேல தூவி, துடைப்பத்தால கூட்டி எடுக்கிறது. ஈரத்தூள் தூசியைப் பிடிச்சுக்கும், தூசி பறக்காது. நம்ம ஊர் சினிமாக் கொட்டகையிலயும் பெரிய அலுவலகங்கள்லயும் மரத்தூளை நனைச்சுத் தூவிக் கூட்டுவாங்களே, அதே தத்துவம். 1876ல் மெல்வில் பிஸ்ஸெல் அமெரிக்காவுல கம்பளம் கூட்டும் தள்ளுகருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1901ல் லண்டன்ல ஹியூபர்ட் பூத் தூசியை உறிஞ்சி எடுக்கிற எந்திரம் செஞ்சார். கம்பள அழுக்குல பெரும்பகுதி காஞ்ச மண்ணும் தூசியும்தான். அதை உறிஞ்சி எடுத்துட்டாலே பாதிக்கு மேல வேலை முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறது ஒட்டின பிசுக்கு.

9. அந்தப் பிசுக்குக்காகத்தான் மனுஷன் ஆபத்தான பக்கம் போனான். 1821. ஒரே வருஷத்துல ரெண்டு சம்பவம். நியூயார்க்ல தாமஸ் ஜென்னிங்ஸ்னு ஒரு கறுப்பினத் தையல்காரர், தண்ணியில முக்காம துணி வெளுக்கிற முறைக்கு மார்ச் 3ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவுல காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர்னு அவரைச் சொல்றாங்க. வந்த பணத்தை முதல்ல குடும்பத்தை அடிமைத்தனத்துல இருந்து மீட்கச் செலவு பண்ணார். என்ன திரவம் பயன்படுத்தினார்னு தெரிய வழியில்ல. 1836ல் காப்புரிமை அலுவலகம் தீப்பிடிச்சதுல அந்த ஆவணம் போச்சு.

10. அதே 1821ல் லண்டன்ல மைக்கேல் ஃபாரடே, ஆமா, மின்சாரம் பாடத்துல வர்ற அதே ஃபாரடே, குளோரினும் கார்பனும் சேர்ந்த ஒரு புதுத் திரவத்தை உண்டாக்கினார். இன்னிக்கு அதுக்கு டெட்ராகுளோரோஎத்திலீன்னு பேரு. தொழில்ல சுருக்கமா 'பெர்க்'. நூறு வருஷம் கழிச்சு உலகம் முழுக்க டிரை கிளீனிங் கடைகள்ல ஓடப்போற திரவம் அது. 1825ல் பென்சீனையும் அவர்தான் கண்டுபிடிச்சார். தன் மேஜையில இருந்து துணி வெளுக்கிற தொழிலே கிளம்பப் போகுதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது.

11. 19ஆம் நூற்றாண்டு நடுவுல பாரிஸ்ல ஜோலின்னு ஒரு சாயத்தொழில்காரர் வீட்டுல விளக்கு எண்ணெய் மேஜை விரிப்புல கொட்டி, கொட்டின இடம் மட்டும் சுத்தமாச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, தொழில் பிறந்துச்சு. டர்பன்டைன், பென்சீன், பெட்ரோல்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. ரெண்டு பிரச்சினை. ஒண்ணு தீ: கடை கடையா எரிஞ்சுது. இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாதது: பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். ரத்தம் ஊறுறதே நின்னுபோகும், ரத்தப் புற்றுநோய் வரும். தீயை எல்லாரும் பார்த்தாங்க. மஜ்ஜையை நின்னு பார்க்க ரொம்ப நாள் ஆச்சு.

12. தீக்கு ஒரு பதில் கிடைச்சுது: கார்பன் டெட்ராகுளோரைடு. இது எரியவே எரியாது. எரியிற தீயை அணைக்கவே இதை அடைச்ச அணைப்பான்கள் வித்துச்சு. பிசுக்கை அருமையா கரைக்கும், நிமிஷத்துல காயும், சாயம் கலங்காது. கம்பளத்துக்கு இதை விட என்ன வேணும்? 20ஆம் நூற்றாண்டு முதல் பாதியில மேலை நாடுகள்ல கறை நீக்கும் பாட்டிலா சமையலறை அலமாரி வரைக்கும் வந்துச்சு. 'தீப்பிடிக்காது, அதனால பாதுகாப்பானது'ன்னு ஜனங்க நம்பினாங்க.

13. இப்ப கொஞ்சம் மருத்துவம். இந்தத் திரவம் மூச்சு வழியாவோ வாய் வழியாவோ உள்ள போனா கல்லீரலுக்கு வரும். கல்லீரல்ல ஒரு நொதி, நச்சை உடைச்சு வெளியேத்துறதுதான் அதோட வேலை, இதையும் உடைக்கப் பார்க்கும். உடைச்சதும் கிடைக்கிறது அசலை விட மோசமான ஒரு துண்டு. அது செல்லோட கொழுப்புச் சுவரைத் தீ மாதிரி சங்கிலியாக அரிச்சுக்கிட்டே போகும். கல்லீரல் சாகும், சிறுநீரகமும் படுத்துடும். மது குடிக்கிறவங்களுக்கு அந்த நொதி ஏற்கெனவே அதிகமா சுரந்து தயாரா இருக்கும். அதனால அதே அறையில அதே அளவு ஆவியை இழுத்த ரெண்டு பேர்ல, குடிக்கிற பழக்கம் உள்ளவர்தான் முதல்ல விழுவார்.

14. இதை எப்போ தெரிஞ்சுக்கிட்டாங்க? இங்கதான் கதை நம்ம கால் பக்கம் வருது. நிஜமாவே கால். கொக்கிப்புழு வெறுங்கால் வழியா ஏறுற புழு. மழை ஈரமும், நிழலும், தென்னந்தோப்பும், செருப்பில்லாத காலும், கழிப்பறை இல்லாத வீடும் சேர்ந்தா அதுக்கு சொர்க்கம். பழைய திருவிதாங்கூர், மலபார், இலங்கைத் தேயிலைத் தோட்டம் எல்லாமே அப்படி. புழு குடல்ல தொத்திக்கிட்டு ரத்தம் உறிஞ்சும். வெளிறின முகம், வீங்கின பாதம், படி ஏற முடியாத மூச்சிரைப்பு. 1838ல் நெய்யூர்ல லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கின காலத்துல இருந்து, கருங்கல்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற அந்த ஆஸ்பத்திரியும் இந்த மண்ணோட நோய்களைத்தான் பார்த்துச்சு.

15. 1921ல் மாரிஸ் ஹால்னு அமெரிக்க அரசு விலங்கு மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருத்தர், கார்பன் டெட்ராகுளோரைடை நாய்களுக்குக் கொடுத்தா கொக்கிப்புழு வெளிய வருதுன்னு கண்டார். தானே ஒரு டோஸ் குடிச்சும் பார்த்தார். விலை மலிவு, ஒரே வேளை. ஃபிஜியில, இலங்கையில, இன்னும் பல வெப்ப நாடுகள்ல லட்சக்கணக்கான பேருக்குக் கொடுத்தாங்க. கம்பளக் கறை எடுக்கிற அதே திரவம், மருந்துத் தரத்துல சுத்திகரிச்சு.

16. இலங்கையில நடந்த ஒண்ணைச் சொல்லணும். மருந்து பாதுகாப்பானதான்னு பார்க்க, மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு இதைக் கொடுத்து, தூக்குல போட்ட பிறகு அவங்க கல்லீரலை எடுத்துப் பரிசோதிச்சாங்க. 1920களோட தொடக்கத்துல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்லயே அது வெளிவந்துச்சு. அன்னிக்கு அது அறிவியலா எடுத்துக்கப்பட்டுச்சு. அந்தக் கைதிகளோட சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. பெரும்பாலானவங்களுக்கு மருந்து ஒத்துக்கிச்சு. சிலர் செத்தாங்க. குடிப்பழக்கம் உள்ளவங்க, ஊட்டச்சத்து இல்லாதவங்களுக்கு ஆபத்து அதிகம்னு அப்படித்தான் தெரிய வந்துச்சு.

17. மாற்று தேடினாங்க. 1925ல் ஹாலும் ஷில்லிங்கரும் சேர்ந்து இன்னொரு திரவத்தைச் சொன்னாங்க. எது தெரியுமா? ஃபாரடேவோட 1821 திரவம். டெட்ராகுளோரோஎத்திலீன், பெர்க். கல்லீரலை அந்த அளவுக்குத் தாக்கல. 1920கள்ல மதராஸ் மாகாணத்துலயும், பிறகு திருவிதாங்கூர்லயும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையோட சுகாதாரப் பணி நடந்துச்சு. கழிப்பறை கட்டச் சொல்றது, புழு மருந்து கொடுக்கிறது ரெண்டும் அதுல முக்கியமான வேலை. இந்தியாவுல 1960கள் வரைக்கும் கொக்கிப்புழுவுக்கு இந்தத் திரவம் புழக்கத்துல இருந்துச்சு. வெறும் வயித்துல, முந்தின நாள் எண்ணெயும் சாராயமும் தொடாம குடிக்கணும். எண்ணெய் இருந்தா குடல் அதை ரத்தத்துக்குள்ள இழுத்துடும், தலை சுத்தும், போதை ஏறின மாதிரி ஆடும்.

18. உங்க பாட்டா, பாட்டி யாராவது அந்த மருந்தைக் குடிச்சிருந்தா இப்ப பயப்படாதீங்க. வாழ்நாள்ல ஒண்ணு ரெண்டு வேளை, குடலை விட்டு அதிகம் தாண்டாம போன மருந்து அது. ரத்தச்சோகையில இருந்து பல பேரைக் காப்பாத்தியிருக்கு. இன்னிக்கு நம்ம பிள்ளைங்களுக்குப் பள்ளியிலயும் அங்கன்வாடியிலயும் குடற்புழு நீக்க நாள்ல கொடுக்கிறது அல்பெண்டசோல். சப்பிச் சாப்பிடுற மாத்திரை. அதுக்கும் பழைய திரவத்துக்கும் சம்பந்தமே இல்ல. வதந்தி கேட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காம விட்டுடாதீங்க.

19. மருந்தா போன பெர்க்குக்கு இன்னொரு வாழ்க்கை தொழில்ல கிடைச்சுது. 1930கள்ல இருந்து டிரை கிளீனிங் கடைகளுக்குள்ள வந்து, கார்பன் டெட்ராகுளோரைடைத் தள்ளி, ராஜாவா உக்காந்துச்சு. கார்பன் டெட்ராகுளோரைடை வீட்டு உபயோகத்துக்கு விக்க அமெரிக்கா 1970ல் தடை போட்டுச்சு. பெர்க் பாதுகாப்பான தம்பின்னு பேர் எடுத்துச்சு. ஆனா புழு மருந்து குடிக்கிறவர் ஒரு வேளையோட முடிச்சுக்குவார். கடையில நிக்கிறவர் தினமும் எட்டு மணி நேரம், இருபது வருஷம் அந்த ஆவிக்குள்ள நிப்பார். 1990கள்ல சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதா இருக்கலாம்'ங்கிற வலுவான பட்டியல்ல, அதாவது 2ஏ பிரிவுல வச்சுது. 2024 டிசம்பர்ல அமெரிக்கா, டிரை கிளீனிங்ல இதைப் பத்து வருஷத்துல படிப்படியா நிறுத்தணும்னு விதி கொண்டுவந்துச்சு. ஃபாரடே மேஜையில இருந்து 203 வருஷம்.

20. ஏன் ஒவ்வொரு தடவையும் இப்படி ஆகுது? காரணம் ரொம்ப எளிசு. கம்பளத்துல இருந்து கொழுப்பைக் கரைக்கிற எதுவும் உங்க உடம்புக் கொழுப்பையும் கரைக்கும். தோல் மேல இருக்கிற எண்ணெய்ப் படலம் கொழுப்பு. நுரையீரல் செல் சுவர் கொழுப்பு. மூளையில நிறைய கொழுப்பு. அதனாலதான் சால்வென்ட் தொட்ட கை வெடிக்கும், மூச்சுல போனா தலை சுத்தும். அறையில வேலை செய்றவருக்கு 'கிறக்கமா, நல்லா தூக்கம் வர்ற மாதிரி இருக்கு'ன்னா அது களைப்பு இல்ல. மயக்க மருந்தோட முதல் படி.

21. ரெண்டாவது பாதை சோப்பு வழி. 1930கள்ல செயற்கை டிடர்ஜென்ட் வந்துச்சு. அதுல சோடியம் லாரில் சல்ஃபேட்னு ஒண்ணு. உங்க பேஸ்ட்லயும் ஷாம்புலயும் இருக்கிற அதேதான். இதை நுரையா அடிச்சுக் கம்பளத்துல தேய்ச்சா, காஞ்சதும் பொடிப்பொடியா உதிரும். உறிஞ்சி எடுத்துடலாம். தண்ணி குறைவு, சால்வென்ட் இல்ல, நெருப்பு இல்ல. கார்ப்பெட் ஷாம்பு இப்படித்தான் பிரபலமாச்சு.

22. 1982ல் அமெரிக்காவுல இருந்து ஒரு அறிக்கை வந்துச்சு. ஒரு அலுவலகத்துல கார்ப்பெட் ஷாம்பு போட்ட பிறகு பெரும்பாலான ஊழியர்களுக்கு இருமல், தொண்டை வறட்சி, மூச்சுத் திணறல். ஒரு குழந்தைகள் காப்பகத்துலயும் அதே கதை: ஊழியர்களும் பெரும்பாலான பிள்ளைங்களும். விஷம் எதுவும் கலக்கல. ஷாம்புவைச் சொன்ன அளவு தண்ணி சேர்க்காம கெட்டியா போட்டிருந்தாங்க. மிஞ்சின பொடி காஞ்சு, கால் படப் படப் பறந்து மூச்சுல போயிருக்கு. நாங்க மருந்துச் சீட்டுல எழுதுற 'அளவு' இங்கயும் பொருந்தும். நாலு மடங்கு ஊத்தினா நாலு மடங்கு சுத்தம் ஆகாது. பாக்கி தரையில தங்கும். தரையில தவழுற பிள்ளைதான் முதல்ல அதை மூச்சுல இழுக்கும்.

23. அதே 1982ல் லான்செட் இதழ்ல இன்னொண்ணு. கவாசாகி நோய்னு சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற ஒரு நோய் உண்டு. அஞ்சு நாளுக்கு மேல காய்ச்சல், சிவந்த கண், சிவந்த நாக்கு. கவனிக்கலன்னா இதய ரத்தக்குழாய் வீங்கும். ஜப்பான்ல டொமிசாகு கவாசாகி 1967ல் விவரிச்சார். அமெரிக்காவோட டென்வர் நகரத்துல இந்த நோய் வந்த பிள்ளைங்க வீடுகள்ல, முந்தின ஒரு மாசத்துக்குள்ள கார்ப்பெட் ஷாம்பு போட்டது அதிகமா இருந்துச்சுன்னு கண்டாங்க. ஊரே பயந்துச்சு. பிறகு நடந்த ஆய்வுகள்ல சிலது ஒத்துப்போச்சு, சிலது ஒத்துப்போகல. இன்னிக்கு வரைக்கும் அந்த நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கப்படல. ஷாம்புதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது. இதை ஏன் சொல்றேன்னா, நாளைக்கு வாட்ஸப்ல 'கார்ப்பெட் ஷாம்புவால பிள்ளைக்கு இதய நோய்'னு வந்தா, பாதி உண்மை எங்க முடியுதுன்னு உங்களுக்குத் தெரியணும்.

24. இப்ப என்ன கிடைக்குது? ஒண்ணு, பாலிமர் கலந்த திரவம். அழுக்கைச் சுத்தி ஒரு படலமா மூடி, காஞ்சு, மணி மணியா உடையும். வேக்குவம்ல எடுத்துடலாம். ரெண்டு, உறிஞ்சும் தூள். மரத்தூள் மாதிரி நார்ப்பொருளைக் கொஞ்சம் டிடர்ஜென்ட்ல நனைச்சுத் தூவித் தேய்ச்சு உறிஞ்சுறது. வெள்ளைக்காரப் பாட்டியோட தேயிலையும் நம்ம கொட்டகை மரத்தூளும் புது சட்டை போட்டு வந்திருக்கு, அவ்ளோதான். மூணு, நனைச்சுப் பிழிஞ்ச துணித் தட்டைச் சுத்தவிட்டு மேல் அழுக்கைத் துடைக்கிறது. மூணுமே சரியா செஞ்சா நல்லது.

25. அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது? வர்ற ஆள்கிட்ட நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: இது என்ன இழைக்கு? கம்பளி, பட்டுன்னா காரம் குறைஞ்சது, நடுநிலைக்குப் பக்கத்துல பிஹெச் உள்ளது. நைலான், பாலிப்ரொப்பிலீன்னா கொஞ்சம் காரம் தாங்கும். தும்பு, சணல்னா ஈரம் ரொம்பக் குறைவா.

ரெண்டு: எந்த அழுக்குக்கு? தூசின்னா வேக்குவம் போதும், திரவமே வேண்டாம். முழுக் கம்பளத்துக்கும் சால்வென்ட் அடிக்க வேண்டிய அவசியம் இல்ல. தார், கிரீஸ் மாதிரி ஒரு புள்ளிக் கறைக்கு மட்டும், ஜன்னலைத் திறந்து வச்சு, துணியில தொட்டு.

மூணு: காஞ்ச பிறகு என்ன மிஞ்சும்? ஒட்டுற பிசினா, உதிர்ற பொடியா? பொடின்னா காஞ்சதும் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை வேக்குவம் கட்டாயம்.

நாலு: எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ மருந்து? அளவு மூடியோ குடுவையோ இல்லாம கண்ணளவுல ஊத்துற ஆளைத் திருப்பி அனுப்புங்க. லேபிள் இல்லாத பாட்டிலையும் அப்படியே.

வாசனை அதிகம்னா சுத்தம் அதிகம்னு அர்த்தம் இல்ல. ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்டுல வாசனையில்லாததே நல்லது.

26. பிளீச்சிங் பவுடர் பத்தி தனியா. கொரோனா காலத்துல இருந்து எல்லாத்துக்கும் பிளீச்சிங் பவுடர் கரைசல்னு ஒரு பழக்கம். கம்பளி மேலயும் பட்டு மேலயும் ஊத்தினா இழையே கரையும். கம்பளத்துல ஊத்தினாலும் கிருமி முழுசா சாகாது, ஏன்னா அழுக்கே அந்த மருந்தைத் தின்னுடும். ஆஸ்பத்திரி வார்டுல ஏன் கார்ப்பெட் போடுறதில்லன்னு இப்ப புரியுதா? ரத்தமும் வாந்தியும் சிந்துற இடத்துல, துடைச்சுக் கிருமி நீக்க முடியுற தரைதான் வேணும். இன்னொண்ணு, பிளீச்சிங் கரைசலோட பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீங்க, குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள திரவத்தோடயும் கலக்காதீங்க. மூடின பாத்ரூம்ல ஆளைச் சாய்ச்சிடும்.

27. அரசு ஆஸ்பத்திரி டாக்டரா கேட்டுக்கிறது இது. டர்பன்டைன், தின்னர், மண்ணெண்ணெய், கறை எடுக்கிற சால்வென்ட் எதையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ தண்ணி பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க. பிள்ளை குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, முட்டை, தொண்டையில விரல் எதுவும் வேண்டாம். அந்த எண்ணெய் வயித்துல இருக்கிறதை விட நுரையீரலுக்குள்ள போனாதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்கும்போதுதான் அது அங்க போகும். பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. 108 இருக்கு. பிள்ளை சும்மா விளையாடிட்டு இருந்தாலும் வாங்க. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சுதான் தெரியும்.

28. கடைசியா, இதை யாருக்காக எழுதினேன்னு சொல்லிடுறேன். நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர் வளைகுடாவுல, கப்பல்ல, ஓட்டல்கள்ல ஹவுஸ்கீப்பிங் வேலையில இருக்காங்க. இங்கயும் மண்டபத்துல, ஆலயத்துல, ஆபீஸ்ல துடைக்கிற அக்காமார் இருக்காங்க. நார்வேயோட பெர்கன் பல்கலைக்கழகத்துல இருந்து 2018ல் ஒரு ஆய்வு வந்துச்சு. ஐரோப்பாவுல 6,235 பேரை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. சுத்தம் செய்ற வேலையில இருந்த பெண்களுக்கும், வீட்டுல சுத்தம் செஞ்ச பெண்களுக்கும் நுரையீரல் திறன் மத்த பெண்களை விட வேகமா குறைஞ்சிருந்துச்சு. ரோமாபுரித் தொட்டியில நின்னவங்களுக்கு யாரும் எடுக்காத கணக்கு, இப்பதான் எடுக்கத் தொடங்கியிருக்காங்க.

29. அந்த வேலையில இருக்கிறவங்களுக்கு: ஸ்பிரேவைக் காத்துல அடிக்காம துணியில அடிச்சுத் துடைங்க. நுரையா வர்ற மருந்து கிடைச்சா ஸ்பிரேவை விட அது மேல். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஏசி அறைன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிய வாங்க. கையுறை போடுங்க. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, அதை நம்பாதீங்க. லீவு நாள்ல இருமல் குறைஞ்சு, வேலைக்குப் போன நாள்ல கூடுதுன்னா அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. 'என்ன வேலை பார்க்கிறீங்க, எந்த மருந்து ஊத்துறீங்க'ன்னு டாக்டர் கேக்கலன்னா நீங்களே சொல்லுங்க. பாட்டில் லேபிளை ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தா இன்னும் நல்லது. எந்த மருந்து, என்ன பண்ணுதுன்னு எங்களுக்கு அதுலதான் பாதி தெரியும்.

வீட்டுல யாராவது அந்த வேலையில இருந்தா இதை அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன்.